ஒரு நூல் முன்னால

ஹேண்டில்ல கை வெக்காதீங்க. கோவிச்சுக்காதீங்க. சேலத்துல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கறீங்க, வந்ததும் வராததுமா அதட்டறானேன்னு நெனைக்காதீங்க. வண்டிய நல்லாத் தொட்டுப் பாருங்க, சீட்டுல ஏறி உக்காந்து போட்டோ புடிச்சுக்கங்க. ஹேண்டிலை மட்டும் நான் சுத்தறேன். டைமிங் இப்ப குறியிலதான் இருக்குது, ஒண்ணும் ஆகாது. இருந்தாலும் வேண்டாமுங்க.

விக்கறீங்களான்னு போன்லயே கேட்டீங்க. விக்கறதில்லீங்க. என்னுதா இருந்தாத்தானுங்களே விக்கறதுக்கு? ஆர்.சி. புக்குல எம்பேருதான் இருக்குது. அது வேற.

இது செக்ரட்டரி ஐயா வண்டி. அவர் பேரு அவிநாசியப்பன். கூட்டுறவு சொசைட்டியில முப்பத்திரண்டு வருசம் செக்ரட்டரி, அதனால காங்கயம் சுத்துவட்டாரத்துல அந்தப் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது, செக்ரட்டரின்னாத்தான் தெரியும். அவரோட அப்பா வாங்குன சீமை டிராக்டருங்க இது. பேட்டரி கெடையாது, செல்ஃப் கெடையாது. பெட்ரோல்ல கெளப்பி, சூடானப்பறம் மண்ணெண்ணெய்க்கு மாத்தோணும். முன்னால நின்னு ஹேண்டிலைப் போட்டுச் சுத்துனாத்தான் எந்திரிக்கும். சம்சாரம் தவறுனப்பறம் அவரு தோட்டத்துல தனியாத்தான் இருந்தாரு. பொண்ணு ஒண்ணே ஒண்ணு, பூங்கொடி, கோயமுத்தூர்ல. எழுபத்திநாலு வயசுல தானே சமைச்சு, தானே மாடு கறந்து, மொபெட்டுல சொசைட்டிக்குப் பால் கொண்டுபோயி ஊத்திட்டு இருந்தவருங்க. அதை நீங்க ஞாபகத்துல வெச்சுக்கோணும்.

நான் பதினோரு வருசம் இந்த வண்டியப் பாத்தனுங்க. ஒரு நட்டு கழண்டாலும் நாச்சிமுத்துவைக் கூப்புடுன்னுதான் சொல்லுவாரு. வண்டி கூடவே வந்த இங்கிலீஷ் புஸ்தகம் ஒண்ணு வெச்சிருந்தாரு. நான் வேலை செய்யறப்ப பக்கத்துல சேர் போட்டு உக்காந்து, அதைப் படிச்சுப் படிச்சு தமிழ்ல சொல்லுவாரு. "புஸ்தகத்துல என்ன போட்டிருக்குதோ அதுதாம்பா. நம்ம இஷ்டத்துக்குப் போகக் கூடாது"ம்பாரு. எனக்குச் சிரிப்பா வரும். இருபது வயசுல இருந்து இஞ்சின் பிரிக்கறேன், எனக்கு இவரு படிச்சுக் காட்டறாரேன்னு. ஆனா வாயைத் தொறந்து சொன்னதில்லீங்க. மரியாதைக்கு ஒரு கொறை வெச்சதில்ல நான்.

தை மாசம் எங்க பக்கம் ஒரு விவசாயக் கண்காட்சி நடக்கும். பழைய வண்டியெல்லாம் வரும். டிரெய்லர்ல கல்லை ஏத்தி மேட்டுல இழுத்துக் காட்டுவாங்க. அந்த வருசம் பொள்ளாச்சியில இருந்து ஒரு வண்டி வந்துச்சு. நம்ம வண்டிக்கு வயசு ஒண்ணுதான். மேட்டுல ஏறுறப்ப சத்தம் கணீர்னு இருந்துச்சு. நம்முது பாதி மேட்டுல மூச்சு வாங்குச்சு. ஏறிடுச்சு, ஏறாம இல்ல. எறங்கி வந்த செக்ரட்டரி, இருபது பேரு நிக்கறாங்க, அவங்க முன்னால சொல்றாரு: "நாச்சிமுத்து, அந்த வண்டிக்கு யாரு மெக்கானிக்குன்னு விசாரிச்சு வெய்யி."

சாதாரணமாத்தான் சொன்னாருங்க. இப்ப யோசிச்சா சாதாரணமாத்தான் சொல்லியிருக்காரு. ஆனா எனக்கு அது ஒரு வருசம் உள்ள கெடந்து அறுத்துச்சு. சோறு திங்கறப்ப வரும். மத்தவன் வண்டிக்கு அடியில படுத்திருக்கறப்ப வரும். எம்பொண்டாட்டி பழனாத்தாகிட்ட நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். "விசாரிச்சு வெய்யின்னு சொல்லிப்போட்டாருடி." அவ, "அவரு அன்னைக்கே மறந்திருப்பாரு, நீங்க ஏன் சொமக்கறீங்க?"ம்பா.

அடுத்த வருசம் கண்காட்சிக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப பிளக்குக்கு நெருப்பு குடுக்கற மேக்னட்டைக் கழட்டுனனுங்க. பாயிண்டு புதுசு போட்டு, டைமிங் வெக்கோணும். நீங்களும் பழைய வண்டி வெச்சிருக்கறீங்க, உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்றேன், சொன்னாத்தான் நான் செஞ்சது என்னன்னு புரியும். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழட்டி ஓட்டையில கட்டைவிரலை வெச்சுக்கிட்டு இஞ்சினை மெதுவாச் சுத்தோணும். காத்து வெரலைத் தள்ளுச்சுன்னா பிஸ்டன் அமுக்கிட்டு மேல வருதுன்னு அர்த்தம். அப்பறம் ஃப்ளைவீல்ல இருக்கற குறி, இஞ்சின் பக்கவாட்டுல இருக்கற சின்ன ஜன்னலுக்கு நேரா வர்ற வரைக்கும் இம்மி இம்மியா நகத்தோணும். பாயிண்டுக்கு நடுவுல சிகரெட் பாக்கெட்டுக்குள்ள இருக்குமே மெல்லீசுத் தாள், அதைச் சொருகி லேசா இழுத்துப் புடிச்சுக்கிட்டு மேக்னட்டைத் திருப்போணும். தாள் எந்த எடத்துல வழுக்கிட்டு வெளிய வருதோ, அங்கதான் பொறி விழுகுது. அங்க நிறுத்தி ரெண்டு போல்ட்டையும் முறுக்கிட்டா முடிஞ்சுது.

வெச்சனுங்க. கரெக்டா குறியில வெச்சேன். அவரு சேர்ல உக்காந்து படிச்சாரு, குனிஞ்சு ஜன்னல்ல பாத்தாரு, "சரியா இருக்குதுப்பா"ன்னாரு. "இரு, காப்பி போட்டுட்டு வர்றேன்"னு உள்ள போனாரு.

அவரு எனக்குக் காப்பி போட்டுட்டு வர்ற நேரத்துல, போல்ட்டு ரெண்டையும் லூசு பண்ணி, மேக்னட்டை ஒரு நூல் முன்னால தள்ளி முறுக்கிட்டனுங்க.

ஒரு நூல்தான், இஞ்சுல எட்டுல ஒரு பங்கு. நெருப்பு கொஞ்சம் முன்னாடி விழுந்தா ஓட்டத்துல இழுவை கூடும், சத்தம் கணீர்னு வரும். பொள்ளாச்சிக்காரனும் அதைத்தான் பண்ணியிருப்பான். ஆனா கெளப்பறப்ப அது ஆபத்து. பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாலயே வெடிச்சா, இஞ்சின் திருப்பி அடிக்கும். ஹேண்டிலு கையோட பின்னால வரும். அதுக்காகத்தான் ஸ்டீயரிங் பக்கத்துல ஒரு லீவர் குடுத்திருக்காங்க. லீவரை மேல ஏத்துனா நெருப்பு தாமசமா விழுகும். கெளப்பறப்ப மேல, ஓடுறப்ப கீழ. குறியில வெச்ச வண்டிக்கு லீவரை ஏத்திட்டுச் சுத்துனா, எந்தக் காலத்துலயும் திருப்பி அடிக்காது. நான் ஒரு நூல் தள்ளுனதுக்கப்பறம் லீவரை ஏத்துனாலும் பத்தாது. அது எனக்குத் தெரியும். தெரியாமச் செய்யலீங்க.

காப்பியக் குடிச்சுப்போட்டு, நானே, அது திருப்பி அடிக்கறதுக்குள்ள வெடுக்குனு ஒரு இழுப்பு இழுத்துக் கெளப்புனேன். சத்தத்தைக் கேட்டதும் அவரு மொகத்தைப் பாக்கோணுமே!

"என்னப்பா, கொரலே மாறிப்போச்சு?"

"பாயிண்டு புதுசுங்களே."

"பொள்ளாச்சிக்காரன் காதைப் பொத்திக்கோணும் போ." தோள்ல ஒரு தட்டு தட்டுனாரு. பதினோரு வருசத்துல அவரு என்னைத் தொட்டது அன்னைக்குத்தான்.

கண்காட்சி முடிஞ்சதும் பழையபடி குறிக்கே வெச்சரலாம்னு இருந்தனுங்க. அதுவரைக்கும், "ஐயா, ஹேண்டில் நீங்க சுத்த வேண்டாம், வெடியக்காலைல நான் வந்து கெளப்பித் தர்றேன்"னு சொன்னேன். சொன்னேன், சொல்லாம இல்ல. "ஏப்பா, என்னைக் கெழவன்ங்கறயா?"ன்னு சிரிச்சாரு. அதுக்கு மேல என்ன சொல்லட்டும்? காரணத்தைச் சொல்லோணும்னா எல்லாத்தையும் சொல்லோணும்.

நாலு நாள் நாந்தான் போயிக் கெளப்புனேன். அஞ்சாம் நாள் அரை மணி நேரம் லேட்டு. எம்பைக்கு பஞ்சர்னு எல்லார்த்துகிட்டயும் சொன்னேன். பஞ்சர் இல்லீங்க. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நின்னு, செக்ரட்டரி வண்டி இப்ப எப்படி முழங்குது தெரியுமான்னு ஒருத்தன்கிட்டப் பெருமை பேசிட்டு இருந்தேன்.

நான் போறப்ப அவரு வண்டிக்கு முன்னால மண்ணுல உக்காந்திருந்தாரு. வலது கைய மடியில வெச்சு இடது கையில தாங்கிப் புடிச்சிருந்தாரு. மணிக்கட்டு இருக்க வேண்டிய எடத்துல இல்ல. வேர்த்து ஊத்துது. என்னைப் பாத்ததும் மொதல் வார்த்தை, "வலிக்குது"ன்னு சொல்லல. "லீவரை ஏத்திட்டுத்தாம்பா சுத்துனேன்"னாரு.

நிமுந்து பாத்தேன். லீவர் மேலதான் இருந்துச்சு.

காருக்குச் சொல்லி, திருப்பூர்ல ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில சேத்தேன். நாந்தானுங்க சேத்தேன். ஃபாரத்துல கையெழுத்துப் போட்டதும் நாந்தான். பூங்கொடி கோயமுத்தூர்ல இருந்து வர்ற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாம நின்னேன். அது வந்ததும், "கண்ணு, நான் லீவரை ஏத்துனேன்"னு அதுகிட்டயும் அதையேதான் சொன்னாரு. மணிக்கட்டுல ரெண்டு எலும்பும் போயிருச்சு, பிளேட்டு வெக்கோணும்னு சொல்லிட்டாங்க.

மத்தியானம் என்னைத் தோட்டத்துக்கு அனுப்புனாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், வண்டி வெட்டவெளியில நிக்குது, அதை ஷெட்டுல உடோணும். மாட்டுக்குத் தண்ணி காட்டுனேன். அப்பறம் மேக்னட்டு போல்ட்டை லூசு பண்ணி, தாளைச் சொருகி, குறிக்குக் கொண்டுவந்து வெச்சு முறுக்கிட்டேன். அப்படியே உட்டா, அடுத்து சுத்தறவன் கையும் போயிருமில்லீங்க? அதுக்குத்தான் பண்ணுனேன். அப்படித்தான் நெனைச்சுட்டுப் பண்ணுனேன்.

வண்டியக் கெளப்பி, லீவரைக் கீழ எறக்கி, ஷெட்டுல உட்டேன். ஓடுறப்ப லீவர் கீழதானுங்களே இருக்கும்? ஆஃப் பண்ணுனப்பறம் அது அப்படியே கீழயே நின்னுச்சு. நான் வேணும்னு பண்ணல.

சாயங்காலம் பொழுதோட பூங்கொடி அவருக்குத் துணிமணி எடுக்கத் தோட்டத்துக்கு வந்துச்சு. நேரா ஷெட்டுக்குத்தான் வந்துச்சு. அப்பன் சொல்லிச் சொல்லி அதுக்கு லீவர் எதுன்னு தெரியும், சின்னப் புள்ளையில அவரு மடியில உக்காந்து ஓட்டுனதுதானே. லீவரைப் பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு.

"நாச்சியண்ணா, நீங்க வர்றப்ப இது இப்படியேதான் இருந்துச்சுங்களா?"

"ம்"னேன்.

அவ்வளவுதானுங்க நான் சொன்னது. வேற ஒரு வார்த்தை சொல்லல. அவரு மேல பழி போடல, மறந்துட்டாருன்னு சொல்லல. 'ம்'. அது கேட்ட வேகத்துல வாயில வந்துச்சு. பூங்கொடி உடனே அங்கயே உக்காந்துக்கிச்சு. "எத்தனை தடவை சொல்றாரு தெரியுங்களா, ஏத்துனேன் ஏத்துனேன்னு. அவருக்கே தெரியலண்ணா"ன்னு அழுதுச்சு. நானும் அழுதேன். நெசமாவே அழுதேன்.

அதுல இருந்துதான் எல்லாம். முன்னாடி எப்பவோ அடுப்பை அணைக்காம உட்டது, ஒரு தடவை மோட்டாரை ஆஃப் பண்ணாம வெளியூர் போனது, பேரனுக்குப் பொறந்தநாள் போன் பண்ணாதது, எல்லாத்தையும் பூங்கொடி ஒண்ணொண்ணாச் சேத்துச்சு. இதெல்லாம் யாரு மறக்கலீங்க? நான் மறக்கறதில்லையா, நீங்க மறக்கறதில்லையா? ஆனா லீவரை மறந்தவருன்னு ஆனப்பறம், எதை மறந்தாலும் அது கணக்குல வந்துருது. மொபெட் சாவிய வாங்கி வெச்சுக்கிட்டாங்க. மாட்டைக் குடுத்தாங்க. தோட்டத்தைக் குத்தகைக்கு உட்டாங்க. கோயமுத்தூர்ல ஆறாவது மாடியில பொண்ணு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஞாபகத்துக்கு மாத்திரை. அந்தப் புள்ள மேல தப்பே சொல்ல முடியாது, அப்பனைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்குது. அதுக்குத் தெரிஞ்சதை வெச்சு அது சரியாத்தான் செஞ்சுது.

கெளம்பற அன்னைக்கு என்னைக் கூப்புட்டனுப்புனாரு. கை கோணலாத்தான் கூடியிருந்துச்சு. பட்டன் போட முடியல, பூங்கொடி போட்டு உட்டுச்சு.

"நாச்சிமுத்து, வண்டிய நீ எடுத்துக்க. உன்கிட்ட இருந்தாத்தான் அது ஓடும்."

"வேண்டாமுங்கய்யா."

"நான் இனிமே அதைத் தொடக் கூடாதுப்பா. லீவரைக் கூட ஏத்தாமச் சுத்தறவனுக்கு எதுக்கு வண்டி?"

அவரு வாயாலயே அப்படி வந்துருச்சுங்க. ஆஸ்பத்திரியில 'ஏத்துனேன்'னு சொன்ன மனுசன், மூணே மாசத்துல 'ஏத்தாம'ன்னு சொல்றாரு. அப்பச் சொல்லியிருக்கோணும். வாய் வரைக்கும் வந்துச்சு. பூங்கொடி பக்கத்துல நிக்குது, வாசல்ல சாமான் ஏத்திட்டு இருக்கறாங்க, நாலு ஆளு நிக்கறாங்க. சாவியா குடுக்கறாரு, இதுக்குச் சாவி ஏது? அந்த இங்கிலீஷ் புஸ்தகத்தை எடுத்து எங்கையில குடுத்தாரு. வாங்கிக்கிட்டேன்.

அவரு கை ஒடிஞ்சு ஒன்றரை வருசம் போச்சுங்க. பழனாத்தாகிட்ட ஒரு நாள் சொல்லிட்டேன். அவ என்னைத் திட்டல. மூணு நாள் பேசாம இருந்தா. நாலாம் நாள் சோத்தைப் போட்டுக்கிட்டே, "போயிச் சொல்லிப்போட்டு வாங்க. சொல்லாம இந்த ஊட்டுக்குள்ள இனிமே அவரு பேரை எடுக்காதீங்க"ன்னா.

போனனுங்க. போகாம இல்ல. போன ஆவணி மாசம், ரெண்டு சீப்பு கதலி வாங்கிக்கிட்டுப் போனேன். பூங்கொடிதான் கதவைத் தொறந்துச்சு. அவரு பால்கனியில உக்காந்திருந்தாரு. எளைச்சிருந்தாரு. மடியில ஒரு டைரி. இடது கையில எழுதப் பழகிட்டாராம். என்ன சாப்புட்டோம், மாத்திரை போட்டமா, யாரு போன் பண்ணுனாங்க, எல்லாத்தையும் எழுதி வெக்கறாரு. அவரு இருக்கறப்பவே பூங்கொடி சொல்லுச்சு, "எழுதலைன்னா அவருக்கு நம்பிக்கை வர்றதில்லீங்கண்ணா." அவரு தலையாட்டுனாரு. முப்பத்திரண்டு வருசம் ஒரு சொசைட்டியவே மனப்பாடமா வெச்சிருந்த மனுசனுங்க.

பூங்கொடி காப்பி போட உள்ள போச்சு. நான் சொல்லிட்டேன். "ஐயா, அன்னைக்கு டைமிங் கொஞ்சம் முன்னாடி போயிருந்துச்சுங்க. உங்க மேல தப்பில்லீங்க"ன்னு சொல்லிட்டேன்.

அவரு என்னையே பாத்தாரு. "முன்னாடி எப்படிப் போகும்? குறியில இருந்துச்சே. நானும் பாத்தேனே."

"போல்ட்டு லூசாயி நகந்திருக்குமுங்க."

ஆமா, அப்படித்தான் சொன்னேன். எடுத்த எடுப்புல 'நாந்தான் தள்ளுனேன்'னு எப்படிச் சொல்றது? டைமிங் மேல தப்புன்னு ஒத்துக்கிட்டாப் போதாதுங்களா? அவருக்கு வேண்டியது அதுதானே?

அவரு முன்னால சாஞ்சு, சத்தமே இல்லாமக் கேட்டாரு. "லீவர்? நீ வந்தப்ப லீவர் எங்கப்பா இருந்துச்சு?"

"மேலதானுங்க இருந்துச்சு."

ஒரு நிமிசம் அவரு மொகம் பழைய மொகமா ஆச்சு. நெசமாங்க, நான் பாத்தேன். பூங்கொடி காப்பியோட வந்துச்சு. "கண்ணு, லீவர் மேலதான் இருந்துச்சாம். நாச்சிமுத்து சொல்றான்"னாரு. அது என்னைப் பாத்துச்சு. ஷெட்டுல நின்னு 'ம்'னு சொன்னவன் நான். பூங்கொடிக்கு அது மறக்குமா? கோவிச்சுக்கல. டம்ளரைக் கையில குடுத்துட்டு, மெதுவா, "ரொம்ப நன்றிங்ண்ணா. டாக்டரும் அவரு மனசுக்குத் தெம்பா எதாவது சொல்லிட்டே இருங்கன்னுதான் சொல்றாரு"ன்னுச்சு.

அவருக்கும் காதுல விழுந்துருச்சு. மொகம் அப்படியே எறங்கிப்போச்சு. "அப்படியா, என்னைத் தேத்தறதுக்குச் சொன்னயா?"

"இல்லீங்கய்யா, நெசந்தானுங்க."

"நெசம்னா எழுதிக் குடு." டைரியத் திருப்பி எம்முன்னால வெச்சாரு. பேனாவைத் தொறந்து குடுத்தாரு. "நான் வந்தப்ப லீவர் மேல இருந்துச்சு, டைமிங் இப்படி இருந்துச்சுன்னு உங்கையால எழுதிக் கையெழுத்துப் போடு. நாளைக்கு நான் மறந்துட்டாலும் எடுத்துப் பாத்துக்குவேன்."

பேனா எங்கையில இருக்குது. பூங்கொடி நிக்குது. எழுதுனா அதுவும் படிக்கும், அதோட மாப்பிள்ளையும் படிப்பாரு. போல்ட்டு எப்படி லூசாச்சு, அன்னைக்கு ஏன் 'ம்'னு சொன்னீங்கன்னு கேப்பாங்க. எழுதறதுன்னா எங்க இருந்து ஆரம்பிக்கறதுங்க?

"கண்ணாடி எடுத்துட்டு வரலீங்கய்யா"ன்னேன்.

கண்ணாடி சட்டைப் பையிலதான் இருந்துச்சு. அவரு அதைப் பாத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியல. டைரிய எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, இடது கையில என்னமோ மெதுவா எழுதுனாரு. எழுதிட்டு, "சரிப்பா. அடுத்த தடவை வர்றப்ப கண்ணாடி எடுத்துட்டு வா"ன்னாரு.

ஆவணியில போனது. இப்ப பங்குனி. அதுக்கப்பறம் போகலீங்க. ஐப்பசியில மழை, அப்பறம் அறுப்பு சீசன், நம்ம வேலைதான் உங்களுக்குத் தெரியுமே, ஒருத்தன் வண்டி போனா இன்னொருத்தன் வண்டி வந்து நிக்குது. முட்டியும் முன்ன மாதிரி இல்ல. நடுவுல ரெண்டு தடவை அவரே போன் பண்ணுனாரு. எடுக்கற நெலமையில இல்ல, கையெல்லாம் கிரீஸு. வர்ற வெள்ளிக்கிழமை போலாம்னுதான் இருக்கறேன். வெள்ளிக்கிழமை இல்லீன்னா, அதுக்கு அடுத்த வாரம்.